பெட்டியில் ஒரு விலை, கொப்பியில் ஒரு விலை

திருகோணமலை நகரை ஒட்டிய ஒரு குடியிருப்பிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவருக்குக் கட்டாரில் வேலை. இரண்டு பிள்ளைகளோடும் மாமியோடும் வாடகை வீட்டில் இருக்கிறார். பெயரும் இடமும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிவிடக்கூடிய வேறு சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பலசரக்குக் கடை. மாதம் முழுக்க அங்கே கொப்பிக்குச் சாமான் எடுப்பார், சம்பளம் வந்ததும் தீர்ப்பார். கடைக்காரர் தூரத்துச் சொந்தம், கோயில் நிர்வாகத்திலும் இருப்பவர். போன மாதம் மூத்த மகள் கொப்பியையும், வெறும் பால்மாப் பெட்டிகளையும், சவர்க்கார உறைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். அச்சிட்ட விலையைவிடப் பால்மாவுக்கு 40 ரூபா கூட, சவர்க்காரத்துக்கு 10 ரூபா கூட, சோடாவுக்குக் 'கூலிங் காசு' 20 ரூபா. இப்படியே ஒரு மாதத்தில் 1,260 ரூபா மேலதிகமாகப் போயிருக்கிறது. கீரிச் சம்பா கிலோ 290 என்று எழுதியிருந்தது. கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கொழும்பில இருந்து லொறிக் கூலி குடுத்தெல்லோ எடுக்கிறன் தங்கச்சி. அதோட உங்களுக்குக் கடனும் தாறன்."

ஒரு முறை கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் எல்லாமே கண்ணில் குத்தத் தொடங்கிவிட்டது என்கிறார். ஒரு கிலோ பருப்பு வீட்டுத் தராசில் 930 கிராம் காட்டியது. எரிவாயு சிலிண்டர், தொலைக்காட்சிச் செய்தியில் சொன்ன விலையைவிடக் கூட. சுப்பர் மார்க்கெட்டில் தட்டில் ஒட்டியிருந்தது ஒரு விலை, பில்லில் வந்தது வேறு விலை. பைக்கும் காசு. மிச்சக் காசுக்கு டொபி. "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு அறக்குளா மீன் ஆசைக்குக்கூட வாங்கேலாது. பிறிமா மா ஆலை எங்கட சீனக்குடாவிலதான் இருக்கு, பாண் மட்டும் கொழும்பு விலை. இது என்ன நியாயம்?"

கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. கொப்பியைப் படம் பிடித்து கடையின் பெயரோடு முகநூலில் போடலாமா? முறையிட்டால் தான் நீதிமன்றம் ஏறவேண்டி வருமா, உத்தியோகத்துக்குப் பாதிப்பு வருமா? 2022 இல் ஊரே வரிசையில் நின்றபோது பால்மாவை ஒளித்து வைத்துத் தன் பிள்ளைகளுக்கென்று தந்த மனிதரை இப்போது காட்டிக்கொடுப்பது சரியா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றவை அதில்தான் தங்கியிருக்கின்றன.

அவர் அன்று செய்தது பெரிய உதவி. அதை நீங்கள் மறக்காமல் இருப்பது உங்கள் குணம். (விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை இல்லையென்று மறைத்ததும் சட்டப்படி குற்றம்தான். அன்று வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய இன்னொரு தாய் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். அது கிடக்கட்டும்.) அந்த நன்றிக்கு ஈடாக மாதம் 1,260 ரூபா தருவதாக நீங்கள் எப்போதாவது ஒப்புக்கொண்டீர்களா? அவரும் அப்படிக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். கொப்பி இல்லாமல் கைக்காசுக்குச் சோடா வாங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்தக் கூலிங் காசைக் கொடுத்துத்தான் வாங்குகிறது. ஆகவே இதை உறவுக்குள் நடந்த துரோகம் என்றோ, நீங்கள் கேள்வி கேட்பதை நன்றிகெட்டதனம் என்றோ எடுக்கத் தேவையில்லை. ஒரு வியாபாரி எடுக்கக்கூடாத காசை எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள எல்லா விலையும் எடுக்கக்கூடாத காசு அல்ல. கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுவிட்டீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

உறை விலையும் வர்த்தமானி விலையும்

பால்மா, சவர்க்காரம், பிஸ்கட், சோடா போன்ற பொதி செய்த பொருட்களில் உச்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்புரைகளின்படி, அந்த விலைக்கு மேல் ஒரு சதமும் கூட்டி விற்க முடியாது. கொழும்பு புறக்கோட்டையிலும் அதே விலைதான், புல்மோட்டையிலும் அதே விலைதான். லொறிக் கூலி, குளிர்சாதனப் பெட்டிக்கு வரும் மின்சாரக் கட்டணம், கடன் கொடுத்த காசு திரும்பி வருமா என்ற பயம் எல்லாம் வியாபாரி தன் இலாபத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியவை. கூலிங் காசு என்று சட்டத்தில் ஒரு காசு கிடையாது. கடனுக்கு விற்றால் உச்ச விலை உயரும் என்றும் எங்கும் இல்லை. பழைய விலையை அழித்தோ, அதன்மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியோ விற்றால் அது 11 ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். பொருளைக் கையில் எடுத்ததும் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் கிளப்பிப் பாருங்கள்.

அரிசியின் கதை வேறு. இங்கே விலையை நிர்ணயிப்பது கம்பனி அல்ல, அரசாங்கம். 2024 டிசெம்பரில் வந்த வர்த்தமானியின்படி உள்ளூர் அரிசியின் உச்ச சில்லறை விலை கிலோவுக்கு: பச்சை அரிசி, வெள்ளையானாலும் சிவப்பானாலும் 220 ரூபா, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச் சம்பா 260. போத்தல் தண்ணீருக்கும் 2025 ஏப்ரலிலிருந்து இப்படி ஒரு விலை உண்டு: அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. இந்த விலைகள் காலத்துக்குக் காலம் மாறும், வாங்கும் நாளில் எது நடைமுறையில் உள்ளது என்பதை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

உறை விலையை மீறுவதும் குற்றம், வர்த்தமானி விலையை மீறுவதும் குற்றம். ஆனால் தண்டனை மலைக்கும் மடுவுக்கும். 2021 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வர்த்தமானியில் நிர்ணயித்த உச்ச விலைக்கு மேல் விற்ற தனிநபருக்கு இப்போது தண்டம் குறைந்தது ஒரு இலட்சம், கூடியது ஐந்து இலட்சம். கம்பனி என்றால் ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம் வரை. உங்கள் கொப்பியில் 1,260 ரூபாக் கணக்கு எழுதிய மனிதர் அரிசிக்கு எழுதியிருப்பது ஒரு இலட்சம் ரூபாக் குற்றம். அது அவருக்கே தெரியுமோ தெரியாது.

சந்தை விலை

மீன், மரக்கறி, தேங்காய், பாண் ஆகியவற்றுக்கு இப்போது உச்ச விலை இல்லை. வியாபாரி விரும்பிய விலை சொல்லலாம். ஆனால் அந்த விலையை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எழுதி வைக்கவேண்டும் என்று 26 ஆம் பிரிவு சொல்கிறது. சந்தையில் ஆளைப் பார்த்து விலை சொல்வது அங்கேதான் மாட்டுப்படும். மற்றபடி, இந்தப் பொருட்களில் உங்கள் ஆயுதம் சட்டம் அல்ல. அடுத்த கடைக்கு நடந்து போகும் உங்கள் கால்கள்தான்.

அறக்குளா விடயத்தில் உங்கள் ஆதங்கம் திருகோணமலையில் பாதிப் பேரின் ஆதங்கம். கரையில் வள்ளம் வந்து இறங்கும்போதே மீன் பெரும்பாலும் பேசி முடிந்துவிட்டது. தொழிலுக்கு முற்பணம் கொடுத்த முதலாளிக்குத்தான் மீனவர் கொடுக்கவேண்டும். ஐஸ் போட்ட லொறி இரவோடிரவாகப் பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போகிறது. அங்கே அறக்குளாவுக்கு என்ன விலை கிடைக்குமோ, அதிலிருந்து லொறிச் செலவைக் கழித்ததுதான் இங்கே உங்களுக்குச் சொல்லப்படும் விலை. கடல் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு மிச்சமாவது அந்த லொறிச் செலவு மட்டும். வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, நம் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது அதுவும் இல்லை. அந்த மாதங்களில் லொறி மறுபக்கமாக ஓடி, மேற்குக் கரை மீன் இங்கே வரும். பெரிய மீனுக்குத்தான் இந்தத் தேசிய விலை. சூடை, கீரி போன்ற சின்ன மீன்கள் அவ்வளவாகக் கொழும்பு போவதில்லை, பிள்ளைகளுக்கும் அவை நல்லவை. முள்ளு என்று மகள் முகம் சுழித்தால் அது என் துறை அல்ல.

பிறிமா கதையும் இதேதான். கப்பலில் வரும் கோதுமை சீனக்குடாவில் அரைபடுகிறது என்பதற்காகச் சீனக்குடாக்காரருக்கு மலிவாக விற்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படிப் பார்த்தால் எண்ணெய்க் குதங்களும் அங்கேதான் இருக்கின்றன, பெற்றோலும் மலிவாக வேண்டும். ஆனால் பாணில் நீங்கள் கவனிக்காத ஒரு உரிமை இருக்கிறது. விலைக்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் நிறைக்குக் கட்டுப்பாடு உண்டு. 2024 பெப்ரவரி வர்த்தமானியின்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும், அரை இறாத்தல் 225 கிராம். முழுப் பாணில் 13.5 கிராம், அரைப் பாணில் 9 கிராம் குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள், அதற்குமேல் இல்லை. பாண் விலை கூடவில்லையே என்று சந்தோஷப்படுகிற இடத்தில் பாண் மெலிந்துகொண்டு போவதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

மரக்கறி தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக வருகிறது. அந்தப் பாதையில் வெள்ளம் வந்தால் இரண்டாம் நாள் கரட் விலை ஏறும். இதில் முறையிட ஒன்றும் இல்லை. தேங்காய்க்கும் அப்படித்தான். 2020 இல் தேங்காயின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து விலை நிர்ணயித்து ஒரு வர்த்தமானி வந்தது. கடைக்கு அளவுநாடாவோடு போன ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று. "பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், இங்கே ஒன்றும் குறையவில்லை, அப்படியானால் கடைக்காரர்கள்தான் அமுக்குகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுச் சாமானுக்கு ஏறக்குறைய 1,950 ரூபா. அதன்பிறகு வேகம் தணிந்தது, சில மாதங்கள் விலைமட்டம் சற்று இறங்கியும் இருந்தது. ஆனால் ஏறிய உயரத்திலிருந்து பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. 2019 இன் பில்லை எடுத்து வைத்து ஒப்பிடுவதை நிறுத்துங்கள், நித்திரைதான் கெடும்.

எரிவாயுவில் உங்கள் சந்தேகம் தவறு. தொலைக்காட்சியில் சொல்லும் விலை பெரும்பாலும் கொழும்பு மாவட்டத்து விலை. எரிவாயு நிறுவனங்கள் தூரத்தைப் பொறுத்து மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு விலை வெளியிடுகின்றன. திருகோணமலைக்கான விலையைப் பார்த்து, அதோடு ஒப்பிடுங்கள். ஓட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தால் அந்தக் கூலி வேறு. அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

தராசு, தட்டு, பை, டொபி

பருப்பு 930 கிராம் என்று உங்கள் வீட்டுத் தராசு சொன்னது. வீட்டுத் தராசு சாட்சி ஆகாது. உடைக்காத ஒரு கிலோ சீனிப் பக்கற்றை அதில் வைத்து முதலில் தராசைச் சோதியுங்கள். அது சரியாகக் காட்டினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசு ஒவ்வொரு ஆண்டும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தால் சரிபார்க்கப்பட்டு முத்திரை குத்தப்படவேண்டும். கடையில் நிற்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா, சாமான் வைக்கமுன் தராசு பூச்சியம் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். மீன் சந்தையில் தட்டில் தேங்கிய தண்ணீரை வழிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லாரும் சொல்வதுதான்.

சுப்பர் மார்க்கெட்டில் தட்டில் உள்ள விலைச் சீட்டை மாற்ற மறந்திருப்பார்கள். தட்டைப் படம் எடுத்து, பில்லோடு முகாமையாளரிடம் காட்டினால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தட்டு விலைக்குத் தந்துவிடுவார்கள். பைக்குக் காசு கேட்டது ஏமாற்று அல்ல. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலையைப் பில்லில் காட்டவேண்டும். பில்லில் இல்லாமல் பைக்குக் காசு எடுத்தால்தான் பிழை. வங்கி அட்டைக்கு இரண்டரை, மூன்று சதவீதம் கூட்டிக் கேட்டால், அட்டை இயந்திரம் கொடுத்த வங்கிக்கு அறிவியுங்கள். அப்படி வாடிக்கையாளரிடம் அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. டொபி நாணயம் அல்ல. வேண்டாம் என்று சொல்லிச் சில்லறையைக் கேளுங்கள். அடுத்த முறை அதே டொபியைக் கொடுத்து சாமான் கேட்டுப் பாருங்கள், வாங்குகிறார்களா என்று.

கொப்பி

உங்கள் உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "கொப்பியை நிப்பாட்டினால் மாதக் கடைசியில் என்ன செய்யிறது?"

மாதம் சுமார் 35,000 ரூபாவுக்குக் கொப்பியில் எடுப்பதாகச் சொல்கிறீர்கள். 1,260 ரூபா அதில் 3.6 சதவீதம். ஆனால் மாதத் தொடக்கத்தில் எடுத்த சாமானுக்குத்தான் ஒரு மாதக் கடன், சம்பளத்துக்கு முதல் நாள் எடுத்ததற்கு ஒரு நாள்தான். சராசரி அரை மாதம் என்று வைத்தால் மாதத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கிறீர்கள். நகையை வங்கியில் அடகு வைத்தால் கேட்கும் வட்டியைப்போல இது பல மடங்கு. கணவர் அனுப்பும் காசில் ஒரு மாதத்துச் சாமான் செலவை ஒரேயடியாக ஒதுக்க முடியாவிட்டாலும், மாதம் 12,000 வீதம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் கொப்பியைவிட்டு வெளியே வந்துவிடலாம். அதுவரை, உறை விலை போட்ட பொருட்களைச் அரசின் சதொசக் கடையிலோ கூட்டுறவுக் கடையிலோ கைக்காசுக்கு வாங்கி, மற்றவற்றை மட்டும் கொப்பியில் எடுத்தாலே பாதிச் சுமை இறங்கும்.

கேள்வி கேட்டால் அவர் என்ன செய்யலாம், என்ன செய்யமுடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இனிக் கடன் இல்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, சட்டம் அதில் தலையிடாது. ஆனால் காசை நீட்டும்போது, தட்டில் இருக்கிற சாமானை உங்களுக்கு விற்கமாட்டேன் என்று சொன்னால் அது 15 ஆம் பிரிவின் கீழ் குற்றம். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் செய்யக்கூடியது கொப்பியை மூடுவது மட்டும்தான். அதற்குத்தான் நீங்கள் ஆயத்தமாக வேண்டும்.

முறைப்பாடு

1977 க்கு அழைத்தோ, எழுதியோ முறையிடலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெற உங்களுக்கு அரசியலமைப்பில் உரிமை உண்டு. கடையின் பெயர், விலாசம், பொருள், அதன் நிறை, அச்சிட்ட விலை, கேட்ட விலை, திகதி, நேரம் இவை போதும். உத்தியோகத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. அலுவலகத்துக்கு வெளியே நீங்களும் ஒரு நுகர்வோர்.

நீதிமன்றம் ஏறவேண்டி வருமா என்று பயப்படுகிறீர்கள். விலை மீறலில் அதிகாரிகள் பெரும்பாலும் வாடிக்கையாளர் போல ஓர் ஆளை அனுப்பித் தாங்களே வாங்கிப் பார்ப்பார்கள். கையும் களவுமாகப் பிடித்தபின் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கைப் போடுவதும் அவர்கள்தான். உங்கள் கொப்பி அங்கே பெரிய சான்றும் அல்ல. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "பால்மா 1" என்று மட்டும் இருக்கிறது, எந்த வகை, எத்தனை கிராம் என்று இல்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை இரண்டு நிமிடத்தில் கிழித்துவிடுவார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, 28 ஆம் பிரிவு. அதைக் கேட்டு வாங்காத வரைக்கும் உங்கள் கையில் வலுவான ஆதாரம் இல்லை.

இரண்டு விடயங்களை மறைக்காமல் சொல்கிறேன். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் 1,260 ரூபா அதனால் திரும்பி வராது. மற்றது, பெயர் வெளியே வராவிட்டாலும், சின்ன ஒழுங்கையில், நீங்கள் கேள்வி கேட்ட அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தால் யார் சொன்னது என்று ஊகிக்க அவருக்குச் சாத்திரம் தேவையில்லை.

முகநூலில் போடாதீர்கள். "உண்மையைத்தானே போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது, பொலிஸ் வராது. ஆனால் சிவில் அவதூறு வழக்கு இன்றும் உண்டு. அதில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் நீங்கள் காட்டவேண்டும். "கள்ளன்", "கோயில் காசிலும் கை வைத்திருப்பான்" என்று கீழே யாரோ எழுதும் ஒரு வரி போதும் விவகாரம் திசை மாற. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, அதைக் காட்டி மிரட்டவும் ஆள் வரும். பால்மா விலை பற்றிய ஒரு நியாயமான கேள்வியை இரண்டு குடும்பங்களின் வழக்காக ஏன் மாற்றவேண்டும்?

நான் உங்கள் இடத்தில் என்ன செய்யச் சொல்வேன்

முதலில் அவரிடம் போங்கள். காலையில் ஆட்கள் நிற்கும்போது அல்ல, மத்தியானம் கடை வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில். வெறும் பால்மாப் பெட்டியையும் கொப்பியையும் கொண்டு போங்கள். பழைய 1,260 ஐக் கேட்கவேண்டாம். கேட்டால் அவர் மானத்தைக் காப்பாற்றச் சண்டைதான் பிடிப்பார். "அண்ணை, இனி உறையில இருக்கிற விலையைக் கொப்பியில போடுங்கோ, என்ன மா, எத்தின கிராம் எண்டும் எழுதுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தராசு சோதனையில் சரியாக இருந்தால் பருப்பையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதை எடுக்கவே வேண்டாம்.

சம்மதித்தால் நல்லது. ஒவ்வொரு மாதமும் தீர்க்கும்போது திகதியும் தொகையும் போட்டு அவரிடம் கையொப்பம் வாங்குங்கள், அது இருவருக்கும் பாதுகாப்பு. ஒரு மாதம் பொறுத்தும் மாறாவிட்டால், அல்லது "வேணுமெண்டால் வாங்குங்கோ" என்று முகத்தில் அடித்தால், கைக்காசுக்கு ஒரு பால்மா வாங்கிப் பற்றுச்சீட்டு எடுங்கள். பிறகு 1977 க்கு அழையுங்கள். அப்போது தயங்க வேண்டியதில்லை. நீங்கள் தரக்கூடிய சந்தர்ப்பத்தைத் தந்துவிட்டீர்கள்.

முதல் நாளே அரிசியை மறக்காமல் சொல்லிவிடுங்கள். கீரிச் சம்பாவுக்கு 260 என்று வர்த்தமானி இருக்கிறது, 290 க்கு விற்று யாராவது பிடித்தால் குறைந்த தண்டமே ஒரு இலட்சம் என்று. 2022 இல் உங்கள் பிள்ளைகளுக்குப் பால்மா தந்தவருக்கு இந்தச் செய்தியை உங்களிடமிருந்து கேட்கிற உரிமை இருக்கிறது. அதிகாரிகளிடமிருந்து கேட்டால் அவருக்கு அது மிகவும் பிந்திவிடும்.